உப்புக்காற்றைத் தாங்கும் திண்ணை பெஞ்சு: வீட்டிலேயே செய்வதற்கான முழுமையான வழிகாட்டி

தொண்டி முதல் சாயல்குடி வரையிலான கடற்கரை ஊர்களில் வீட்டு முன்திண்ணையில் போடும் மர பெஞ்சு பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான் முதலில் கெட்டுப்போகிறது. ஒன்று, இரும்பு ஆணி இறங்கிய இடம். மற்றொன்று, இழை அறுபட்டுத் தெரியும் வெட்டுமுனை. நடுப்பலகை நன்றாகவே இருக்கும்போது ஆணியைச் சுற்றி மரம் கறுத்து வெடித்திருப்பதையும், காலின் அடிமுனை ஊறி உதிர்வதையும் எந்தத் தெருவிலும் காணலாம். கீழே சொல்லப்படும் வேலை வரிசை இந்த இரண்டையும் தடுப்பதற்காகவே அமைந்தது. வரிசையை மாற்றினால் நல்ல மரமும் நல்ல கருவியும் இருந்தும் பயனில்லாமல் போகும்.

செய்யப்போவது 4 அடி நீளம், 15 அங்குல அகலம், 17 அங்குல உயரம் கொண்ட, சாய்மானம் இல்லாத பெஞ்சு. மூன்று பேர் உட்காரலாம். கால்களும் சட்டங்களும் துளையும் கழுந்துமாக, அதாவது காலில் போட்ட துளைக்குள் சட்டத்தின் முனையில் செதுக்கிய நாக்கு இறங்குவதாக, இணையும். அந்த இணைப்புகளில் இரும்பே கிடையாது.

1. எந்த மாதத்தில் எதைச் செய்வது

ராமநாதபுரம் மாவட்டத்துக்குக் கிடைக்கும் மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றோடு வருகிறது. ஆகவே ஜனவரி, பிப்ரவரியில் மரத்தை அறுத்து வாங்கி, கோடை முழுவதும் அடுக்கிக் காயவைத்து, ஆடி, ஆவணியில் இணைப்பு வேலைகளை முடித்து, செப்டம்பர் இறுதிக்குள் பூச்சையும் முடித்துவிடுவதே சரியான கணக்கு.

பொங்கல் விடுமுறையில் மில்லுக்குப் போய், அறுத்த மரத்தை அதே வாரம் பெஞ்சாக்கி முடிப்பவர்கள் உண்டு. சித்திரை வெயிலில் அந்த மரம் சுருங்கும்போது இணைப்புகளில் ஒரு நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி திறந்து, பெஞ்சு ஆடத் தொடங்கும். பிறகு அதை ஆணி அடித்து இறுக்குவார்கள். கெடுதல் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

காத்திருக்க முடியாதவர்கள் பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் காய்ந்த மரத்தை வாங்குவது நல்லது. காரைக்குடிப் பக்கம் இதற்கென்றே கடைகள் இருக்கின்றன. கீழக்கரையில் பழைய வீடு இடிபடும்போதும் நல்ல தேக்கு உத்தரங்கள் வெளியே வரும். அத்தகைய மரத்தில் ரம்பத்தை வைப்பதற்கு முன் ஒரு காந்தத்தை நான்கு பக்கமும் ஓட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே ஒடிந்து நிற்கும் ஒரு பழைய ஆணி, இழைப்புளியின் வாயை ஒரே இழுப்பில் கெடுத்துவிடும்.

2. மரத்தைத் தேர்ந்தெடுத்தல்

இந்தக் கரையில் எளிதாகக் கிடைப்பவற்றுள் பூவரசையே முதலில் சொல்வேன். உப்புக்காற்றிலேயே வளரும் மரம், வைரம் (உள்ளே இருக்கும் முதிர்ந்த கெட்டிப் பகுதி) கரும்பழுப்பாகவும் நெருக்கமான இழையோடும் இருக்கும், இழைப்புளிக்கு அடங்கும். அகலப் பலகையும் நேரான நீளமும் கிடைப்பது அரிது என்பதே அதன் குறை. கால்களுக்கும் குறுக்குச் சட்டங்களுக்கும் தாராளமாகப் போதும்.

வேம்பு எங்கும் கிடைக்கும். உட்காரும் பலகைகளுக்கு ஏற்றது. ஆனால் அதன் இழை ஒரே திசையில் ஓடாமல் பின்னிக்கிடப்பதால், மழுங்கிய இழைப்புளியை வைத்தால் சீவுவதற்குப் பதில் பிய்த்தெடுக்கும். வேம்பில் பூச்சியே வராது என்ற நம்பிக்கை வைரத்துக்கு ஓரளவு பொருந்தும். வெளிப்புற வெள்ளைப் பகுதிக்குப் பொருந்தாது. அந்த வெள்ளைப் பகுதி எந்த மரத்திலும் உளுத்துப்போகக் கூடியதே.

சீமைக்கருவேலத்தைக் கரிமூட்டத்துக்கு மட்டுமே உரியதாக நினைக்கிறார்கள். முதிர்ந்த தடியின் வைரம் கனமானது. காயும்போது மிகக் குறைவாகவே சுருங்கும். நேரான துண்டு 2 அடிக்கு மேல் கிடைப்பது கடினம் என்றாலும் பெஞ்சுக் காலுக்கு ஒன்றரை அடிதானே வேண்டும். மர ஆணி செய்வதற்கும் இதுவே சிறந்தது. மஞ்சளான வெளிப்பகுதியை முழுவதுமாகச் செதுக்கி நீக்கிவிட வேண்டும்.

பனை இந்த வேலைக்கு வேண்டாம். மற்ற மரங்களில் உள்ளே வைரமும் வெளியே வெள்ளையும் இருக்க, பனையில் வெளிவட்டம் கெட்டியாகவும் உட்புறம் பஞ்சாகவும் இருக்கிறது. கைமரத்துக்கும் உத்தரத்துக்கும் அது தரும் உறுதி, சிறிய கழுந்தாக அறுக்கும்போது நாராகப் பிரிந்துவிடும். மேலும், பச்சைப் பனையை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021 ஆம் ஆண்டில் தமிழக அரசு அறிவித்திருக்கிறது.

மாமரம் மலிவு, ஆனால் ஈரத்தில் விரைவில் கறுத்து உளுத்துப்போகும் என்பதால் வெளித்திண்ணைக்கு ஆகாது.

ஒரு முக்கியமான எச்சரிக்கை: உடைத்த வள்ளத்தின் பலகையும் கரை ஒதுங்கிய மரமும் இங்கே சும்மாவே கிடைக்கும், பார்க்க அழகாகவும் இருக்கும். ஆண்டுக்கணக்கில் கடல்நீரைக் குடித்த அந்த மரத்தின் உள்ளே உப்பு தங்கியிருக்கிறது. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் இயல்புடையது. எனவே ஐப்பசியில் அந்தப் பலகை தானாகவே வியர்த்து, மேலே பூசிய பூச்சைத் தள்ளிவிடும். அலங்காரத்துக்கு வைத்துக்கொள்ளலாம், உட்காருவதற்கு ஆகாது.

3. அளவுப் பட்டியலும் கன அடிக் கணக்கும்

மில்லுக்குப் போகும் முன் துண்டுகளை எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். அடைப்புக்குறிக்குள் இருப்பவை இழைத்து முடித்த பின் நிற்க வேண்டிய அளவு.

கால்கள் 4: நீளம் 18 அங்குலம், 3 அங்குலத்துக்கு 3 அங்குலம் (2¾ அங்குலச் சதுரம்).
நீளச் சட்டங்கள் 2: நீளம் 42 அங்குலம், 3½ அங்குலத்துக்கு 1½ அங்குலம் (39½ அங்குலம், 3 அங்குலத்துக்கு 1¼ அங்குலம்).
குறுக்குச் சட்டங்கள் 2: நீளம் 12 அங்குலம், அதே கனம் (11 அங்குலம்).
நடுத்தாங்கி 1: நீளம் 13 அங்குலம், அதே கட்டையிலிருந்து (12 அங்குலம், உயரம் 1½ அங்குலம்).
உட்காரும் பலகைகள் 3: நீளம் 51 அங்குலம், 5 அங்குலத்துக்கு 1¼ அங்குலம் (48 அங்குலம், 4¾ அங்குலத்துக்கு 1 அங்குலம்).

நீளத்தை அடியிலும் அகலத்தையும் கனத்தையும் அங்குலத்திலும் பெருக்கி 144 ஆல் வகுத்தால் கன அடி வரும். ஒரு காலுக்கு 1.5 × 3 × 3 ÷ 144, அதாவது ஏறக்குறைய 0.09 கன அடி. எல்லாவற்றையும் கூட்டினால் சுமார் 1.3 கன அடி. கணு, வெடிப்பு, வெள்ளைப் பகுதி ஆகியவற்றுக்காக 1.6 கன அடி வாங்க வேண்டும். சரியாக 1.3 வாங்கினால், கடைசியில் வெள்ளை ஓடிய ஒரு துண்டைக் காலாக வைக்கும் கட்டாயம் வரும். பெஞ்சு அந்தக் காலில்தான் முதலில் உட்காரும்.

மில்லில் சொல்ல வேண்டியது ஒன்று: மரத்தின் மையப்புள்ளி எந்தத் துண்டின் உள்ளேயும் வரக் கூடாது. மரம் காயும்போது வளையத்தின் வழியே சுருங்கும் அளவு, மையத்திலிருந்து வெளிநோக்கிச் சுருங்கும் அளவைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. மையத்தை உள்ளடக்கிய கட்டை இந்த இழுபறியில் வெடித்தே தீரும். நீளவாக்கில் மரம் சுருங்குவது கணக்கில் கொள்ளத் தேவையில்லாத அளவு; அகலவாக்கில்தான் கவனம் வேண்டும்.

4. அடுக்கிக் காயவைத்தல்

மரம் வீட்டுக்கு வந்த அன்றே ஒவ்வொரு துண்டின் இரு வெட்டுமுனைகளிலும் பழைய பெயிண்டையோ பசையையோ கெட்டியாகப் பூச வேண்டும். முனைகளின் வழியே ஈரம் மிக வேகமாக வெளியேறுவதால், பூசாத மரம் முனையில் காய்ந்து நடுவில் பச்சையாக நின்று, முனை பிளக்கும். ஒரு வாரம் கழித்துப் பூசுவதில் பயனில்லை. அதற்குள் வெடிப்பு விழுந்திருக்கும்.

தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் செங்கல் வைத்து, துண்டுகளுக்கு இடையே ஒரே கனமுள்ள சிறு குச்சிகளைக் கொடுத்து அடுக்க வேண்டும். மேல் வரிசைக் குச்சி கீழ்வரிசைக் குச்சிக்கு நேர் மேலேயே அமைய வேண்டும். தள்ளி அமைந்தால் பலகை அந்த இடத்தில் வளையும். அடுக்கின் மேல் கனமான கற்களை வைக்கலாம். இடம் நிழலாகவும், காற்று ஊடுருவுவதாகவும், கடல் பார்க்காத பக்கமாகவும் இருக்கட்டும். மொட்டைமாடி வெயிலில் போட்டால் சீக்கிரம் காயும் என்று நினைப்பவர்கள் முறுக்கிய பலகையையே எடுத்துவருவார்கள்.

ஓர் அங்குலப் பலகை இந்த வெப்பத்தில் மூன்று, நான்கு மாதங்களில் காயும். 3 அங்குலக் கால்கட்டைக்கு அதைவிட நெடுநாள் ஆகும். இதனால்தான் கால்களுக்கு அதிகம் சுருங்காத சீமைக்கருவேலமோ, பழைய மரமோ சிறந்தது என்கிறேன். காய்ந்ததா என்பதைத் தட்டிப் பார்த்துச் சொல்வது ஆசாரிமார்களின் காதுக்குத்தான் கைவரும். புதியவர்களுக்கு எடை பார்ப்பதே வழி: ஒரு துண்டை மளிகைக்கடைத் தராசில் நிறுத்து, எடையை அதன் மேலேயே பென்சிலால் எழுதி, பதினைந்து நாளுக்கு ஒருமுறை மீண்டும் நிறுக்க வேண்டும். தொடர்ந்து மூன்று முறை எடை மாறாமல் நின்றால், அந்த மரம் இந்த ஊர்க் காற்றோடு சமநிலைக்கு வந்துவிட்டது என்று பொருள்.

5. கருவிகள்

அரை அங்குல உளி ஒன்று, ஓர் அங்குல உளி ஒன்று, கொட்டாப்புளி (மரச்சுத்தியல்), இழைப்புளி, கைரம்பம், முதுகில் இரும்புப் பட்டை வைத்த சிறிய ரம்பம், மூலைமட்டம், கோடிழுக்கும் கட்டை, டிரில் மெஷின், நான்கடி திறக்கும் கிளாம்ப் இரண்டு, சாணைக்கல், உப்புத்தாள். இவ்வளவு போதும். மின்ரம்பமும் ரூட்டரும் இந்த ஒரு பெஞ்சுக்காக வாங்க வேண்டியதில்லை.

புதிய உளி கடையிலிருந்து கூராக வருவதில்லை. சாணைக்கல்லில் தீட்டி, முன்கை மயிரை மழிக்கும் அளவுக்குக் கூர் வந்த பின்பே மரத்தில் வைக்க வேண்டும். மழுங்கிய உளியே கையை அதிகம் வெட்டுகிறது. ஏனென்றால் அதைத் தள்ளுவதற்கு வலு வேண்டும், வலு கொடுக்கும்போது அது நழுவும்.

மூலைமட்டத்தை வாங்கும்போதே சோதிக்க வேண்டும். நேரான விளிம்புள்ள பலகையில் அதை வைத்து ஒரு கோடு இழுத்து, மட்டத்தைத் திருப்பிப்போட்டு அதே புள்ளியிலிருந்து மற்றொரு கோடு இழுத்தால், இரண்டும் ஒன்றாகப் படிய வேண்டும். விலகினால் அந்த மட்டம் வேண்டாம்.

வேலை முடிந்ததும் இரும்புக் கருவிகளைத் துடைத்து, எண்ணெய் தொட்ட துணியால் ஒருமுறை தேய்த்துப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். பாம்பன், மண்டபம் போன்ற இடங்களில் ஓர் இரவு வெளியே கிடந்த இழைப்புளியில் மறுநாள் காலையில் செம்புள்ளி தெரியும்.

6. இழைத்து நேராக்கிக் குறியிடுதல்

ஒவ்வொரு துண்டிலும் முதலில் ஓர் அகன்ற முகத்தை மட்டும் இழைத்து நேராக்கி, அதற்கு மூலைமட்டமாக அடுத்த முகத்தை இழைக்க வேண்டும். இந்த இரண்டு முகங்களிலும் பென்சிலால் அடையாளம் போடுங்கள். இனி எல்லா அளவுகளும் இந்த இரண்டிலிருந்து மட்டுமே எடுக்கப்படும். மற்ற இரு முகங்களில் ஓர் அரை மில்லிமீட்டர் கூடக் குறைய இருந்தாலும் இணைப்பு கெடாது என்பதே இதன் பயன்.

நான்கு கால்களையும் பெஞ்சு நிற்கும் நிலையில் சேர்த்து நிறுத்தி, அடையாள முகங்கள் வெளிப்பக்கம் பார்க்குமாறு வைத்து, மேல்முனையில் 1, 2, 3, 4 என்று எழுத வேண்டும். சட்டங்களிலும் எந்த முனை எந்தக் காலுக்கு என்று எழுத வேண்டும். புதியவர்கள் அதிகமாகத் தவறுவது இந்த இடத்தில்தான்: நான்கு கால்களிலும் ஒரே மாதிரியாகத் துளை போட்டுவிட்டு, இரண்டு கால்கள் இடம் வலம் மாறிப்போனதைப் பிறகு பார்ப்பார்கள்.

காலின் நீளத்தை இப்போதே 16 அங்குலமாக வெட்டிவிடக் கூடாது. அடிமுனையைச் சதுரமாக அறுத்து, அங்கிருந்து 16 அங்குலத்தில் கோடு போட்டு, அதற்கு மேல் ஓர் அங்குலத்தைக் கூடுதலாக விட்டு வையுங்கள். துளை காலின் மேல்முனைக்கு அருகில் வருவதால், உளி இறங்கும்போது முனை பிளக்காமல் அந்தக் கூடுதல் பகுதி பிடித்துக்கொள்ளும்.

துளையின் இடம்: 16 அங்குலக் கோட்டிலிருந்து ¾ அங்குலம் கீழே தொடங்கி 2 அங்குல நீளம். அகலம் அரை அங்குலம். கோடிழுக்கும் கட்டையை 1⅛ அங்குலத்தில் வைத்து, வெளி முகத்திலிருந்து கோடிட்டால் துளை காலின் நடுவில் வரும். ஒவ்வொரு காலிலும் அடுத்தடுத்த இரு உள்முகங்களில் இரண்டு துளைகள்.

7. துளை போடுதல்

கழுந்துக்கு முன்னால் துளையே போட வேண்டும். துளையின் அகலத்தை உளி தீர்மானிக்கிறது. பிறகு அதை மாற்றுவது கடினம். கழுந்தையோ ஒரு சீவல் சீவி எப்போது வேண்டுமானாலும் மெலிதாக்கலாம்.

11 மி.மீ. பிட்டால் கோடுகளுக்குள் அடுத்தடுத்து ஓட்டை போட்டு, நடுவில் நிற்கும் மரத்தை அரை அங்குல உளியால் எடுக்க வேண்டும். ஆழம் 1⅝ அங்குலம். பிட்டில் ஓர் ஒட்டுத்தாளைச் சுற்றி அடையாளம் வைத்துக்கொள்ளலாம். துளையின் இரு முனைகளுக்கும் 2 மி.மீ. விட்டு நடுப்பகுதியை முதலில் எடுத்து, கடைசியாகவே முனைக் கோட்டில் உளியை வைக்க வேண்டும். முதலிலேயே முனையில் வைத்தால், மரத்தை நெம்பி எடுக்கும்போது விளிம்பு நசுங்கி உருண்டுவிடும்.

இரண்டு துளைகளும் காலின் உள்ளே ஒன்றையொன்று சந்திக்கும். அது தவறில்லை, அதற்காகத்தான் கழுந்தின் நுனியைச் சாய்வாக அறுக்கப்போகிறோம்.

8. கழுந்து அறுத்தல்

கழுந்து தொடங்கும் இடத்தில் காலோடு படியும் விளிம்பே தோள். நீளச் சட்டத்தில் ஒரு தோளிலிருந்து மறுதோள் வரை 36½ அங்குலம். குறுக்குச் சட்டத்தில் 8 அங்குலம். இந்த இரண்டு அளவுகள்தான் பெஞ்சின் சதுரத்தைத் தீர்மானிக்கின்றன. இரு நீளச் சட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து ஒரே நேரத்தில் கோடிட வேண்டும். தனித்தனியே டேப் வைத்து அளந்தால் ஒரு மில்லிமீட்டராவது மாறும்.

தோள் கோட்டைப் பென்சிலால் அல்லாமல் கத்திமுனையால் கீற வேண்டும். கீறிய கோடு இழையை முன்கூட்டியே அறுத்துவிடுவதால், ரம்பம் போகும்போது விளிம்பு பிசிறடிக்காது. கழுந்தின் கனம் அரை அங்குலம். சட்டத்தின் இரு பக்கமும் ⅜ அங்குலம் போகும். மேல்பக்கம் ¾ அங்குலமும் அடிப்பக்கம் ¼ அங்குலமும் நீக்கினால் கழுந்தின் அகலம் 2 அங்குலமாக நிற்கும். நீளம் 1½ அங்குலம்.

ரம்பம் எப்போதும் கோட்டுக்கு வெளியே, கழிவுப் பக்கத்தில் ஓட வேண்டும். கோட்டின் மேலேயே ரம்பத்தை வைத்தால் பல்லின் கனம் அளவுக்குக் கழுந்து மெலிந்து, துளைக்குள் லொடலொடவென்று ஆடும். ஆடும் கழுந்தைப் பசையும் மரத்தூளும் கலந்து நிரப்பும் பழக்கம் பரவலாக இருக்கிறது; முதல் மழைக்காலத்துக்கு மேல் அது நிற்பதில்லை. கழுந்தின் பக்கத்தில் ஒரு மெல்லிய மரச்சீவலை ஒட்டி, காய்ந்ததும் மீண்டும் இழைப்பதே முறை.

கையால் அழுத்தினால் பாதி தூரமும், கொட்டாப்புளியால் மெல்லத் தட்டினால் மீதி தூரமும் இறங்குவதே சரியான பொருத்தம். சுத்தியலால் ஓங்கி அடித்துத்தான் இறங்கும் என்றால் நிறுத்திவிட வேண்டும், கால் பிளந்துவிடும். கழுந்தை வெளியே எடுத்துப் பார்த்தால், உரசிய இடம் பளபளவென்று மின்னும். அந்த இடத்தை மட்டும் உளியால் சீவினால் போதும்.

பொருத்தம் வந்த பின் ஒவ்வொரு கழுந்தின் நுனியையும் 45 டிகிரி சாய்வாக அறுத்துவிட்டால், காலுக்குள் இரண்டும் மோதிக்கொள்ளாது.

9. மர ஆணிக்கு ஓட்டை

சட்டத்தைச் செருகாத நிலையில், துளையின் உள்முக விளிம்பிலிருந்து ⅝ அங்குலம் தள்ளி, காலின் பக்கவாட்டில் 8 மி.மீ. ஓட்டை போட வேண்டும். துளைக்குள் ஒரு வேண்டாத மரத்துண்டைச் செருகிவிட்டுப் போட்டால் உள்விளிம்பு பெயராது. அடுத்தடுத்த இரு இணைப்புகளின் ஓட்டைகள் ஒரே உயரத்தில் வராமல் அரை அங்குலமாவது ஏற்ற இறக்கமாக இருக்க வேண்டும்.

பிறகு கழுந்தைச் செருகி, தோள் காலோடு படியுமாறு அழுத்திப் பிடித்து, பிட்டின் கூர்முனையால் கழுந்தின் மேல் ஓர் அடையாளம் வைக்க வேண்டும். சட்டத்தைக் கழற்றி, அந்த அடையாளத்திலிருந்து தோளை நோக்கி 1 மி.மீ. தள்ளி ஓட்டை போட வேண்டும். இந்த 1 மி.மீ. வேறுபாட்டில்தான் பெஞ்சின் உயிர் இருக்கிறது. மர ஆணி இறங்கும்போது இரு ஓட்டைகளையும் ஒரே நேருக்குக் கொண்டுவர முயன்று, கழுந்தை உள்ளே இழுத்துக்கொண்டே நிற்கும். பசை விட்டாலும் தோள் திறக்காது. வேறுபாட்டை எதிர்த்திசையில், அதாவது நுனியை நோக்கி வைத்துவிட்டால் ஆணியே இணைப்பை வெளியே தள்ளும். ஒவ்வொரு கழுந்திலும் ஓர் அம்புக்குறி வரைந்துகொண்டால் இந்தத் தவறு வராது.

மர ஆணிக்குக் காய்ந்த சீமைக்கருவேல வைரமோ முற்றிய மூங்கிலோ நல்லது. ரம்பத்தால் அறுக்காமல், இழையின் போக்கிலேயே கத்தியால் பிளந்து செதுக்க வேண்டும். முனையைக் கால்பங்கு நீளத்துக்குக் கூராக்கிக்கொள்ளுங்கள்.

10. இணைப்பதற்கு முன் பூச்சு

பெரும்பாலோர் பெஞ்சை முடித்துவிட்டுக் கடைசியில் பூசுவார்கள். அப்போது பலகையின் அடிப்பக்கத்துக்கும் சட்டத்தின் உட்பக்கத்துக்கும் தூரிகை சரியாகப் போகாது. ஒரு பக்கம் மூடி மறுபக்கம் திறந்திருக்கும் பலகை, ஈரத்தை ஒரு பக்கமாகவே குடித்து வளையும். ஆகவே கழுந்துகளையும் துளைகளையும் தவிர எல்லா முகங்களிலும் முதல் இரண்டு பூச்சு இப்போதே முடிய வேண்டும்.

80, 120, 180 என்ற வரிசையில் உப்புத்தாளை இழையின் போக்கில் தேய்க்க வேண்டும். வேப்பந்தூள் மூக்கையும் கண்ணையும் எரிச்சலூட்டும்; முகக்கவசமும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். தேய்த்த பின் துடைப்பதற்குக் கிணற்று நீரையோ போர் நீரையோ பயன்படுத்தாதீர்கள். இந்தக் கரையில் பெரும்பாலான ஊர்களில் அது உவர்நீர். மரத்தின் மேல் நாமே உப்பைப் பூசியதாகிவிடும். குடிநீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, முழுவதும் காயவிட்டு, மீண்டும் 180 உப்புத்தாளை மெல்ல ஓட்டினால் போதும்.

கலவை: வெளிப்புற வார்னிஷ், ஆளிவிதை எண்ணெய், டர்பென்டைன் மூன்றும் சம அளவு. துணியால் தாராளமாகப் பூசி, பதினைந்து நிமிடம் ஊறவிட்டு, மேலே நிற்பதை முழுவதும் துடைத்துவிட வேண்டும். கெட்டி வார்னிஷ் முதலில் கண்ணாடிபோல் மின்னும். இரண்டு கோடை வெயிலில் வெடித்து, வெடிப்பின் வழியே நீரை உள்ளே விட்டு, வெளியே வராமல் மூடிவைத்துக்கொள்ளும். இந்தக் கலவைக்கு மினுமினுப்புக் குறைவு. ஆனால் வெளுத்த இடத்தில் மட்டும் மறுபடி பூசிக்கொள்ளலாம்.

பூசும் நேரம் காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள் இருக்கட்டும். அதற்கு முன் பனியீரம் இருக்கும்; அதற்குப் பின் கடற்காற்று ஈரத்தோடும் மணலோடும் வரத் தொடங்கும்.

ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது காயும்போது தானாகவே சூடேறித் தீப்பற்றக் கூடியது. விரித்துக் கொடியில் காயவிட வேண்டும், அல்லது தண்ணீர் வாளிக்குள் போட்டுவிட வேண்டும்.

11. பசையிட்டு இணைத்தல்

நீர்புகாத மரப்பசையே வேண்டும். பெவிகால் மரைன் போன்ற வகை எல்லாக் கடைகளிலும் கிடைக்கிறது. சாதாரண வெள்ளைப் பசை ஈரத்தில் இளகும். இந்த வெப்பத்தில் பசை சில நிமிடங்களிலேயே இறுகத் தொடங்குவதால், அதிகாலையில் வேலையை வைத்துக்கொள்வது நல்லது.

நான்கு கால்களையும் ஒரே மூச்சில் இணைக்க முயல வேண்டாம். இரண்டு கால்களும் ஒரு குறுக்குச் சட்டமும் சேர்ந்த முனைச்சட்டகம் இரண்டை முதல் நாள் இணைத்துக் காயவிட்டு, மறுநாள் நீளச் சட்டங்களால் அவற்றைச் சேர்க்க வேண்டும். பசையைத் துளையின் சுவர்களில் அதிகமாகவும் கழுந்தில் மெல்லியதாகவும் தடவ வேண்டும். துளையின் அடியில் பசை தேங்கினால் கழுந்து முழுதாக இறங்காது. கிளாம்பால் இறுக்கிய பின் மர ஆணியை இறக்க வேண்டும்.

சட்டகத்தின் மூலைவிட்டங்கள் இரண்டையும் அளந்தால் சமமாக வர வேண்டும். ஒன்று அதிகமானால், அந்தத் திசையில் கிளாம்பைச் சற்றுச் சாய்த்து இறுக்கினால் சதுரத்துக்கு வரும். பசை காயும் முன் செய்ய வேண்டிய வேலை இது.

நடுத்தாங்கியை நீளச் சட்டங்களின் மேல் விளிம்பில், சட்டத்திலும் தாங்கியிலும் ¾ அங்குலம் வெட்டி ஒன்றுக்குள் ஒன்றாக உட்கார வைக்க வேண்டும். எல்லாம் காய்ந்த பின் கால்களின் மேலே நிற்கும் ஓர் அங்குலத்தை அறுத்து இழைத்து, வெட்டுமுனையில் கலவையைப் பூசிவிடலாம்.

12. பலகைகளைப் பொருத்துதல்

மூன்று பலகைகளுக்கும் இடையே ⅜ அங்குல இடைவெளி வேண்டும். மழைக்காலத்தில் பலகை உப்பும். சாரல் நீர் வடிவதற்கும் வழி வேண்டும். நெருக்கமாக வைத்தால் அழகாகத்தான் இருக்கும், கார்த்திகை வரை.

மேலிருந்து ஸ்க்ரூ போட்டால் அதன் தலைக்குழியில் உப்புநீர் தேங்கும். ஆகவே குறுக்குச் சட்டங்களின் உட்பக்கம் ஓர் அங்குலச் சதுரக் கட்டையை ஒட்டி ஸ்க்ரூவால் இறுக்கி, அதன் வழியே கீழிருந்து மேல்நோக்கி 1½ அங்குல ஸ்க்ரூ போட வேண்டும். நடுத்தாங்கியின் வழியே 2 அங்குலம். இரண்டிலும் பலகைக்குள் அரை அங்குலம்தான் ஏறும். மேலே முனை எட்டிப்பார்க்காது.

பலகை ஒன்றுக்கு ஒவ்வொரு தாங்குமிடத்திலும் இரண்டு ஸ்க்ரூ. ஒன்றின் ஓட்டை வட்டமாகவும், மற்றதன் ஓட்டை பலகையின் அகலத்திசையில் 4 மி.மீ. நீண்டதாகவும் இருக்க வேண்டும். பலகை சுருங்கி விரிய அந்த நீள்துளை இடம் கொடுக்கும்.

ஸ்க்ரூ எவர்சில்வராக இருக்க வேண்டும். கிடைத்தால் 316 ரகம். அதில் சேர்ந்திருக்கும் மாலிப்டினம் உப்பினால் வரும் குழியரிப்பைத் தடுக்கிறது. 304 ரகம் திண்ணைக்குப் போதும், நாளடைவில் நிறம் மங்கும். சாதாரண இரும்பு ஸ்க்ரூ துருப்பிடிக்கும்போது பருத்து மரத்தைப் பிளக்கும். மரத்திலுள்ள துவர்ப்போடு சேர்ந்து கறுப்பாகவும் ஓடும். முதலில் சிறிய ஓட்டை போட்டு, ஸ்க்ரூவில் மெழுகுவத்தியைத் தேய்த்துவிட்டுத் திருக வேண்டும். சோப்பைத் தேய்க்கும் பழக்கம் வேண்டாம். சோப்பு ஈரத்தை இழுக்கும்.

13. காலின் அடிமுனை, கடைசிப் பூச்சு, பராமரிப்பு

சமமான டைல்ஸ் தரையில் பெஞ்சை நிறுத்தி, ஆடும் காலின் அடியில் அட்டையை வைத்து நிலைப்படுத்தி, ஒரே கனமுள்ள மரத்துண்டைத் தரையில் தள்ளியபடி நான்கு கால்களையும் சுற்றிக் கோடிட்டு அறுத்தால் ஆட்டம் நின்றுவிடும். ஒவ்வொரு காலாகக் கொஞ்சம் கொஞ்சம் அறுப்பவர்கள் முடிவில் முக்காலி உயரத்துக்கு வந்து நிற்பார்கள்.

அடிமுனையின் விளிம்பை 3 மி.மீ. சாய்த்துவிட்டு, எப்பாக்சிப் பசையை அந்த வெட்டுமுனையில் இரண்டு முறை தடவ வேண்டும். முதல் முறை மரம் குடித்துவிடும். இரண்டாவதுதான் மேலே நிற்கும். கடையில் விற்கும் ஆணி வைத்த பிளாஸ்டிக் புஷ் வேண்டாம், உள்ளே இருப்பது இரும்பு ஆணி. கெட்டியான ரப்பர்த் துண்டை எப்பாக்சியால் ஒட்டினால் போதும். வாசல் கழுவும் நீர் நேராக வெட்டுமுனையில் ஏறாமல் அது தடுக்கும்.

பிறகு மேலும் இரண்டு பூச்சு, ஒவ்வொன்றுக்கும் இடையே ஒரு முழு நாள் இடைவெளி. கடற்காற்றில் இருந்த மரத்தை மறுபூச்சுக்கு முன் நல்ல தண்ணீர்த் துணியால் துடைத்து உலர்த்துவது கட்டாயம். படிந்த உப்பின் மேல் பூசினால் பூச்சு பிடிக்காது.

ஆண்டுக்கு ஒருமுறை, புரட்டாசி பிறப்பதற்கு முன், பெஞ்சைக் கவிழ்த்துப்போட்டுப் பார்க்க வேண்டும். ரப்பர் பெயர்ந்திருக்கிறதா, வெட்டுமுனைகளில் வெடிப்பு இருக்கிறதா, கரையான் மண்கோடு ஏறியிருக்கிறதா, வெள்ளைத் தூள் கொட்டுகிறதா என்று கவனியுங்கள். ஒரு சொட்டு நீரைப் பலகையின் மேல் விட்டு, அது உருண்டு நிற்காமல் உறிஞ்சப்பட்டால் 220 உப்புத்தாளை ஓட்டி ஒரு பூச்சுக் கொடுக்க வேண்டும். ஸ்க்ரூக்களை இறுக்கும்போது நீள்துளையில் இருப்பவற்றை மட்டும் கால் சுற்றுத் தளர்வாக விடுங்கள்.